நெல், அரிசி, சோறு: தார் எஸ் சலாமில் முதல் ஒன்பது நாட்கள்

நாள் 1, சனி

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, மதியம் ஒன்றரை மணிக்கு தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இறங்கினேன். நம் ஊரில் அப்போது மணி நான்கு. வெளியே வந்ததும் முகத்தில் பட்டது அசல் சென்னைக் காற்று. அதே உப்பு, அதே ஈரம். நவம்பர் மாதம், இங்கே சின்ன மழைக்காலம். மழைக்கு முந்தைய புழுக்கம் ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அரசுப் பள்ளி. இளங்கலையில் கணிதம் படித்துவிட்டு முதுகலையில் மொழியியலுக்கு வந்தேன். அங்கே ஸ்வாஹிலி வினைச்சொற்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்த பிறகும் அந்த மொழி என்னை விடவில்லை. அதனால் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் ஸ்வாஹிலி ஆய்வு நிறுவனத்தில் ஒரு செமஸ்டர் படிக்க வந்திருக்கிறேன். அந்த நிறுவனத்தை எல்லோரும் சுருக்கமாகத் 'தத்தாக்கி' என்கிறார்கள்.

விடுதியில் இடம் கிடைக்காததால், வளாகத்தின் பின்புறம் சங்கன்யிகேனி என்ற பகுதியில் ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். வாடகை மாதம் 1,50,000 ஷில்லிங், நம் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் போல. ஆறு மாதத்துக்கு முன்பணம். வீட்டுக்கார அம்மா தொகையைச் சொன்ன விதம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: 'லாக்கி திஸா'. திஸா என்றால் ஒன்பது. லாக்கி நம் லட்சமேதான். ஆங்கிலம் பேசும்போது லட்சத்தை நூறு ஆயிரமாக மாற்றி மாற்றிக் களைத்துப்போன எனக்கு, இந்திய வணிகர்களின் கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படி ஒரு ஆறுதல்.

அவரை எல்லோரும் 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. இனி இந்தக் கட்டுரையில் மாமா என்று வருவதெல்லாம் அவர்தான்.

வாசலுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை 'போலே'. 'போலே ந சஃபாரி.' அகராதியில் 'வருந்துகிறேன்' என்று போட்டிருக்கும், ஆனால் இது மன்னிப்பு கேட்கும் சொல் இல்லை. நம் அம்மாக்கள் 'அய்யோ, ரொம்ப அலைச்சலா இருந்திருக்குமே' என்பார்களே, அது முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

மாமரத்தடியில் மாமாவின் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆர்வமாக 'ஜாம்போ' என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். மாமா என் காதருகே குனிந்து 'ஷிகாமோ' என்றார். நான் திருப்பிச் சொன்னதும் பெரியவரின் முகம் மாறியது. 'மரஹபா' என்று நிதானமாக, முழுசாகச் சொன்னார். ஷிகாமோ என்பதற்கு மூலப்பொருள் 'உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன்' என்கிறார்கள். பெரியவர்களுக்குச் சிறியவர்கள் சொல்ல வேண்டியது அது. ஜாம்போ சுற்றுலாப் பயணிகளுக்கானது.

நாள் 2, ஞாயிறு

காலையில் சிம் கார்டு. பாஸ்போர்ட்டையும் விரல் ரேகையையும் கொடுத்தால்தான் எண் கிடைக்கும். கையோடு எம்-பெசா என்ற கைபேசிப் பணக் கணக்கும் திறந்தாயிற்று. தெருவுக்கு நான்கு என்று குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் முகவரிடம் பணத்தைக் கொடுத்தால் கைபேசியில் ஏறிவிடுகிறது. முகவருக்கு இங்கே 'வகாலா' என்று பெயர். இந்தச் சேவை தான்சானியாவில் 2008 முதல் இருக்கிறதாம். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கியூஆர் அட்டை தொங்குவதற்குப் பல வருஷம் முன்பே இங்கே வாழைப்பழக்காரர் கைபேசியில் காசு வாங்கியிருக்கிறார். ஸ்மார்ட்போனோ இணையமோ வேண்டாம், பொத்தான் வைத்த சாதா போனே போதும். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

மாலையில் வளாகத்தைச் சுற்றி வந்தேன். நகர மையத்திலிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் மேல் இருப்பதால் இதற்கு 'ம்லிமானி', அதாவது குன்றின்மேல், என்றே பெயர். 1961இல், நாடு விடுதலை பெற்ற அதே வருஷம், ஒரே அறையில் அடங்கிவிடக்கூடிய சில சட்ட மாணவர்களோடு லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு கல்லூரியாகத் தொடங்கியது. தனிப் பல்கலைக்கழகமானது 1970இல். பழைய 500 ஷில்லிங் நோட்டில் படமாக இருந்த இங்க்ருமா அரங்கத்தை நேரில் பார்த்தேன். ஒரு நாடு தன் பணத்தில் அச்சடிக்க ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். படிக்கட்டில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன.

நாள் 3, திங்கள்

முதல் வகுப்பு 'சா ம்பிலி' என்று நேற்றே ஒரு வகுப்புத் தோழி செய்தி அனுப்பியிருந்தாள். சா என்றால் மணி, ம்பிலி என்றால் இரண்டு. மதியம் இரண்டு மணிக்குத்தானே என்று நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். 'இன்னும் கிளம்பவில்லையா?' என்று மாமா பதறிய பிறகுதான் விளங்கியது. இங்கே கடிகாரம் விடியலிலிருந்து தொடங்குகிறது. நமக்கு ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி, எட்டு என்றால் இரண்டு. ஓடினேன்.

மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகு யோசித்தால், இதில் விநோதம் ஒன்றுமில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் உதிக்கும். பொழுது விடிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எண்ணுவதுதான் இயல்பு. எங்கள் ஊர்க் கோயில் பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதும் இதே கணக்குதான். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது, நாளைத் தொடங்கும் பழக்கம்தான் யோசித்தால் புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மாமா வாசலில் ஒரு சிறிய மடக்கு முக்காலியோடு காத்திருந்தார். அதன் ஒரு முனையில் பல் பல்லாக ஓர் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தேங்காய்த் துருவி! எங்கள் வீட்டு அரிவாள்மணையின் நுனியில் இருப்பதும் இதே நாக்குதான். இதற்கு இங்கே 'ம்புஸி' என்று பெயர். ம்புஸி என்றால் ஆடு. ஆட்டின் மேல் ஏறி உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார்கள்.

அப்போது மாமா ஒரு பழமொழி சொன்னார்: 'ம்கேனி சிக்கு ம்பிலி, சிக்கு யா தத்து ம்பே ஜெம்பே.' விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற நம் பழமொழியை எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வாஹிலியில் சொன்னேன். மாமா கைதட்டி, மரத்தடியில் இருந்த பெரியவரைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். எனக்கு மண்வெட்டிக்குப் பதிலாகத் தேங்காய் மூடி கிடைத்தது.

துருவிய தேங்காயைப் பிழிந்து முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்தார். அது 'துய் ஸிட்டோ', கெட்டிப் பால். தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தது 'துய் ஜெபேசி', மெல்லிய பால். இரண்டாம் பாலில் கீரையை வேகவிட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கீரையும் ம்ச்சிச்சா, அதாவது நம் முளைக்கீரைதான்.

அப்புறம் அரிசி. இதைச் சொல்லத்தான் இந்தத் தொடரையே எழுத ஆரம்பித்தேன் என்று தோன்றுகிறது. மாமா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நெல் தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டி 'ம்புங்கா' என்றார். முறத்தில் இருந்ததைக் காட்டி 'ம்ச்செலெ' என்றார். அடுப்பில் இருந்த பானையைக் காட்டி 'வாலி' என்றார். நெல், அரிசி, சோறு. மூன்றுக்கும் மூன்று சொல். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ரைஸ்'தான். பள்ளியில் 'பேடி' என்று ஒரு சொல் சொல்லித்தந்தார்கள், ஆனால் அதுவும் மலாய் மொழியிலிருந்து கடன் வாங்கியது. நெல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அரிசியையும் சோற்றையும் ஒரே பெயரால் கூப்பிட வராது. நான் ஒவ்வொன்றையும் தொட்டு 'நெல், அரிசி, சோறு' என்றேன். மாமா மூன்றையும் திருப்பிச் சொன்னார். ழகரம் இல்லாத சொற்களாக அமைந்தது நல்லதாயிற்று.

மாமாவின் ஊர் இங்கிருந்து வெகு தொலைவில், நியாசா ஏரிக்கரையில் உள்ள கியேலா. மணமுள்ள அரிசிக்கு நாடு முழுக்கப் பேர்போன ஊர். அவருடைய தாய்மொழி கின்யாக்யூசா. ஸ்வாஹிலி அவர் பள்ளியில் படித்தது, தேங்காய்ச் சமையல் இந்தக் கடற்கரை ஊருக்கு மருமகளாக வந்த பிறகு கற்றது.

நாள் 4, செவ்வாய்

இன்று இலக்கண வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் 'நிலிம்பா' என்று எழுதினார். 'நான் அவனுக்குக் கொடுத்தேன்.' ஒரே சொல். பிரித்தால் நி (நான்), லி (நடந்துமுடிந்தது), ம் (அவனுக்கு), பா (கொடு).

வகுப்பில் என்னைத் தவிர ஜெர்மனியிலிருந்து ஒருவர், கொரியாவிலிருந்து இருவர், காங்கோவிலிருந்து ஒருவர். ஜெர்மன் நண்பர் 'ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டார்களே' என்றார். எனக்கோ இது கண்ணாடியில் என் மொழியைப் பார்ப்பது போலிருந்தது. நாம் 'கொடு' என்று தொடங்கி, காலத்தை ஒட்டி, கடைசியில் 'ஏன்' என்று நம்மை ஒட்டுகிறோம். அவர்கள் தன்னை முதலில் வைத்து, காலத்தை ஒட்டி, கடைசியில் கொடுக்கிறார்கள். வரிசை தலைகீழ், ஒட்டும் முறை ஒன்றே. ஆசிரியர் என்னை எழுப்பிப் பலகையில் எழுதச் சொன்னார். 'கொடு-த்த்-ஏன்' என்று தமிழ் எழுத்தில் எழுதி, கீழே அம்புக்குறி போட்டுக் காட்டினேன். தார் எஸ் சலாமின் ஒரு கரும்பலகையில் தமிழ் எழுத்து அரை மணி நேரம் இருந்தது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை, அடுத்த வகுப்புக்காரர் துடைத்தார்.

கஷ்டமான பகுதி பெயர்ச்சொற்கள். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டுதான். இவர்களுக்குப் பதினைந்துக்கும் மேல் என்று இலக்கணக்காரர்கள் எண்ணுகிறார்கள். பெயரின் தலையில் இருக்கும் எழுத்து எண்ணுக்கும் பண்புக்கும் வினைக்கும் பரவ வேண்டும். 'கிட்டாபு' என்றால் புத்தகம், பல புத்தகங்கள் 'விட்டாபு'. ஒரு புத்தகம் 'கிட்டாபு கிமோஜா', இரண்டு என்றால் 'விட்டாபு விவிலி'. ஐந்துக்கு 'தானோ'. ஐந்து பேர் என்றால் 'வத்து வத்தானோ', ஐந்து மாதம் என்றால் 'மியேஸி மித்தானோ'. அதாவது எண்ணும் பெயருக்கேற்பச் சட்டை மாற்றிக்கொள்கிறது. இதை மோனை என்று நினைத்துக்கொண்டால் நாக்குக்குச் சுலபமாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எதிர்ப்பட்டதை எண்ணிக்கொண்டே வந்தேன்.

நாள் 5, புதன்

வாளி, கொசுவலை, ஒரு காங்காத் துணி வாங்க கரியாக்கோ சந்தைக்குப் போனேன். முதலில் ம்வெங்கே வரை பஜாஜி. ஆம், ஆட்டோவுக்கு இந்த ஊரில் பெயரே பஜாஜிதான். அங்கிருந்து டாலாடாலா, அதாவது சிற்றுந்து. எந்தத் தடம் என்பதை முகப்பில் எழுதியிருக்கும், பக்கவாட்டில் ஓடும் வண்ணப்பட்டையும் அதையே சொல்லும். படியில் தொங்கும் நடத்துனருக்கு 'கோண்டா' என்று பெயர். கையில் காசுகளைக் குலுக்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவுகிறார். நான் கொடுத்தது 600 ஷில்லிங். இறங்க வேண்டும் என்றால் 'ஷுஷா!' என்று குரல் கொடுக்க வேண்டும்.

நான் நின்றுகொண்டு போனேன். உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஒன்றும் சொல்லாமல் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மன்னார்குடி பஸ்ஸில் இதே உரிமையோடு எத்தனை பேர் என் புத்தகப் பையை வாங்கி வைத்திருக்கிறார்கள்! இறங்கும்போது 'அசந்தே, பிபி' என்றேன். நன்றி, பாட்டி.

கரியாக்கோ என்ற பெயர் 'கேரியர் கோர்' என்பதன் திரிபு. முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படைக்குச் சுமை தூக்கக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் முகாம் இங்கே இருந்தது. நோயாலும் பசியாலும் அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. இன்று அதே இடத்தில் தக்காளியும் கைபேசியும் மெத்தையும் கூவி விற்கிறார்கள்.

சந்தையில் நடக்கும்போது நாலைந்து இடத்தில் 'ம்ஹிந்தி!' என்று கூப்பிட்டார்கள். இந்தியர் என்று பொருள். திட்டும் சொல் இல்லை, அடையாளம் அவ்வளவுதான். ஒரு கடைக்காரர் 'உங்கள் கடை எந்தத் தெருவில்?' என்று கேட்டார். இந்தியர் என்றால் கடை வைத்திருப்பவர் என்றுதான் இங்கே பழக்கம். நகர மையத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றைக் கட்டியவர்கள் குஜராத்தி வணிகர்கள். 1971இல் பெரிய வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது பலர் வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒரு பக்கம் இழந்தவர்களின் வருத்தம். இன்னொரு பக்கம் சொந்த ஊரிலேயே வாடகைக்காரராக மட்டும் இருந்தவர்களின் நெடுநாள் கோபம். இரண்டையும் தள்ளிவிட முடியவில்லை. 'எனக்குக் கடை இல்லை, நான் மாணவி, உங்கள் மொழி படிக்க வந்திருக்கிறேன்' என்று தப்பும் தவறுமாகச் சொன்னேன். 'எங்கள் மொழியையா?' என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அரை மணி நேரம் பேசினோம்.

காங்கா இரண்டு துண்டுகளாக, ஜோடியாக வரும் பருத்தித் துணி. நாலு பக்கமும் கரை, நடுவில் பூவேலை, கீழே ஒரு வரி வாசகம். பெண்கள் துணியின் நிறத்தைவிட அந்த வாசகத்தைத்தான் படித்துப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் எடுத்ததில் இருந்தது: 'ஹாபா ந ஹாபா ஹுஜாஸா கிபாபா.' கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிபாபா நிறையும். கிபாபா என்பது தானியம் அளக்கும் ஒரு பழைய அளவு. கடைக்காரர் கையைக் குவித்து அளவு காட்டினார். நம் படி மாதிரி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

நாள் 6, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. செம்மண் பாதை கரைந்து ஓடியது. பஜாஜி ஒன்றும் வரவில்லை. நனைந்துகொண்டே நூலகம் போய்ச் சேர்ந்தேன். சீன உதவியோடு கட்டி 2018இல் திறந்த புதிய நூலகம். ஒரே நேரத்தில் 2,100 பேர் உட்காரலாம்.

என் பக்கத்து மேசையில் புவியியல் மாணவர்கள் ஐந்து பேர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பேட்டில் இருந்ததெல்லாம் ஆங்கிலம், பேசியதெல்லாம் ஸ்வாஹிலி. மண் அரிப்பைப் பற்றி ஒரு பையன் வெளியே ஓடும் செந்நீரைக் காட்டி அவ்வளவு அழகாக விளக்கினான். பாதிதான் எனக்குப் புரிந்தது, ஆனால் அந்தப் பாதியே போதுமாயிருந்தது. பிறகு வெளித் திண்ணையில் தேநீர் குடிக்கும்போது அவனிடம் பேச்சுக்கொடுத்தேன். 'வகுப்பில் இதைச் சொன்னாயா?' என்றேன். 'இல்லை. ஆங்கிலத்தில் எழுந்து சொல்ல வராது' என்றான்.

இங்கே அவர்கள் படித்த காலத்தில் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஏழு வருஷமும் பாடமொழி ஸ்வாஹிலி. ஃபார்ம் ஒன் என்ற எட்டாவது வருஷத்தில் கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் ஒரே அடியாக ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அப்புறம் பல்கலைக்கழகம் வரை அதுதான். பலர் அந்த வருஷத்தில் பேச்சை நிறுத்தியவர்கள், மறுபடி வகுப்பில் வாய் திறப்பதே இல்லை என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கல்லூரி முதல் வருஷம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வகைக்கெழு என்றால் எனக்கு நன்றாகத் தெரியும், பன்னிரண்டாம் வகுப்பில் அதில் முழு மதிப்பெண். 'டெரிவேட்டிவ்' என்று பலகையில் எழுதியபோது இதுதான் அது என்று புரிய ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் 'இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வராது' என்று முடிவு செய்துவிட்டார்கள், நானும் அதை நம்பினேன். தெரியாததற்காக ஒருவரைக் குறைவாக நினைப்பதே தவறு. தெரிந்ததை வேறு மொழியில் தெரிந்து வைத்திருப்பதற்காகக் குறைவாக நினைப்பதை என்னவென்று சொல்வது? அவனிடம் இதையெல்லாம் சொன்னேன், ஆங்கிலத்திலும் ஸ்வாஹிலியிலுமாகக் கலந்து கலந்து. 'போலே' என்றான். முதல் நாள் மாமா சொன்ன அதே சொல்.

இந்த வளாகத்தில் எங்கள் தத்தாக்கி மட்டும் வேறு மாதிரி. இங்கே மொழியியலே ஸ்வாஹிலியில் நடக்கிறது. இலக்கணத்துக்கு 'சருஃபி'. வினைச்சொல்லுக்கு 'கிட்டென்ஸி', செய் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நாமும் செயலைக் குறிக்கும் சொல்லைத்தானே வினை என்கிறோம். உயர்கல்வியை இந்த மொழியில் நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் ஒரு மணி நேரம் எங்கள் வகுப்பில் வந்து உட்காரலாம். நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரெரே பள்ளி ஆசிரியராக இருந்தவர், 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அதிபராக இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை ஸ்வாஹிலியில் மொழிபெயர்த்தார். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு ஒரே பொதுமொழியில் சண்டையில்லாமல் பேசிக்கொள்வதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த மொழி உயர்நிலைப் பள்ளியின் வாசலோடு நின்றுவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனைப் பார்த்தபோது, மீதி வேலையை யார் எப்போது முடிப்பார்கள் என்று ஏங்கினேன்.

நாள் 7, வெள்ளி

மாமாவின் தங்கை தன் மகளோடு வந்திருந்தார். அந்தச் சிறுமி மாமாவை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கவனித்தேன். 'மாமா ம்குப்வா.' ம்குப்வா என்றால் பெரிய. பெரிய அம்மா, பெரியம்மா! உடனே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சின்னம்மா 'மாமா ம்டோகோ'. பெரியப்பா 'பாபா ம்குப்வா', சித்தப்பா 'பாபா ம்டோகோ'. அம்மாவின் அண்ணன் தம்பிக்கு 'ம்ஜோம்பா' என்று தனிச் சொல், அப்பாவின் அக்கா தங்கைக்கு 'ஷங்காஸி' என்று தனிச் சொல். நம் மாமன், நம் அத்தை. எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி என்று ஒரே மூட்டையில் கட்டாமல், யார் வழியில் யார் உறவு என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நம் முறைகளை நான் சொல்லச் சொல்ல, அக்காவும் தங்கையும் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். மாமன் மகனை மணப்பதைச் சொன்னதும் இருவரும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் வழி பிரிகிறது.

நாள் 8, சனி

துணி துவைத்தேன். காலையில் மின்சாரம் போய்விட்டது. மீட்டரில் பணம் தீர்ந்திருந்தது. இங்கே மின்சாரத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும், அந்த முறைக்கு 'லூக்கு' என்று பெயர். கைபேசியில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். இந்த முறை என் பங்கு.

மாலையில் வகுப்புத் தோழர்களோடு கோக்கோ கடற்கரை. பொரித்த மரவள்ளிக்கிழங்கின் மேல் உப்பும் மிளகாயும் தூவி, கச்சும்பரி என்ற வெங்காயத் தக்காளிக் கலவையோடு தந்தார்கள். எதிரே இந்தியப் பெருங்கடல். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் எழும் கடல். இங்கிருந்து பார்த்தாலும் அப்படித்தான். அலையில் கால் நனைத்து, இருட்டும் வரை எண்களைச் சொல்லி விளையாடினோம்.

நாள் 9, ஞாயிறு

காலை ஏழரைக்கு, மன்னிக்கவும், ஒன்றரைக்கு, அப்பா வீடியோவில் கூப்பிட்டார். ஊரில் மணி பத்து. வயலில் நின்றிருந்தார். இரண்டு நாள் மழைக்குப் பிறகு கொஞ்சம் வெயில். 'தண்ணி வடிஞ்சிடுச்சும்மா, பயிரு தப்பிச்சுது' என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினார். சம்பாப் பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக நின்றது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த மாமா, 'ம்புங்கா!' என்று கத்திவிட்டு கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

'இவங்க என்னம்மா சொல்றாங்க?'

'நெல்லுன்னு சொல்றாங்கப்பா.'

அவ்வளவுதான், இருவருக்கும் நடுவில் நான் வெறும் கம்பியானேன். விதைத்து அறுக்க எத்தனை மாதம் என்று மாமா கேட்டார். 'அஞ்சு மாசம்' என்றார் அப்பா. 'மியேஸி மித்தானோ' என்றேன். தன் அப்பா காலத்துப் பழைய ரகமும் அப்படித்தான் என்றார் மாமா. குருவி இறங்குமா என்று கேட்டார். கதிர் பால் பிடிக்கும்போது இறங்கும் என்றார் அப்பா. சின்ன வயதில் கியேலாவில் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை வயலில் நின்று பறவை விரட்டியதை மாமா நடித்தே காட்டினார். அப்பா வரப்பில் நின்று அதே மாதிரி கையை வீசிக் காட்டினார். வீட்டுத் தாத்தாவும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவிடம் 'ஷிகாமோன்னு சொல்லுங்கப்பா' என்றேன். சொன்னார். 'மரஹபா, மரஹபா' என்று தாத்தா இரண்டு தடவை சொன்னார்.

கடைசியாக மாமா கேட்டார்: உங்கள் அரிசி மணக்குமா?

'சீரகச் சம்பா மணக்கும்னு சொல்லு. அடுத்த தடவை நீ போறப்ப அவங்களுக்கு ரெண்டு படி குடுத்து விடுறேன்.'

படிக்கு என்ன சொல்வது என்று ஒரு நொடி தடுமாறி, புதன்கிழமை வாங்கிய காங்காவைப் பார்த்தேன். 'கிபாபா' என்றேன், இரண்டு விரலைக் காட்டி.

'விபாபா விவிலி' என்று திருத்தினார் மாமா.